பொடக்காலித் தோட்டத்தில் கோரையையும் பார்த்தீனியத்தையும் அடக்குவது எப்படி

மூன்று வருடத்துக்கு முன்னால், மழைத்தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்த எங்கள் பொடக்காலியை, அதாவது வீட்டுக் கொல்லைப்புறத்தை, மேடாக்க ஒரு டிப்பர் செம்மண் வாங்கிக் கொட்டினேன். பார்வைக்கு நல்ல மண். கல் இல்லை, சுண்ணாம்புக் கட்டி இல்லை, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பாத்தி பிடித்துக் கத்தரியும் மிளகாயும் நட்டு, பன்னிரண்டாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாற்றுக்கு நாற்று நடுவில் கரும்பச்சையாக ஊசி ஊசியாக நிற்கிறது. கோரை. அதுவரை எங்கள் வீட்டில் கோரையே கிடையாது, மண்ணோடு கிழங்கும் வந்து இறங்கியிருக்கிறது. மண் விற்றவரிடம் கேட்டதற்கு, "மண்ணுன்னா களை இருக்கத்தானுங்க செய்யும்" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு எல்லாக் களையையும் பிடுங்குவது போலவே கோரையையும் கையால் இழுத்து இழுத்துப் போட்டேன். பாத்தி ஒரே நாளில் சுத்தமாகிவிட்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒன்று இருந்த இடத்தில் மூன்று நிற்கிறது.

அப்போது புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு களையில் கை வைப்பதற்கு முன்னால், அது எதன் வழியாகத் திரும்பி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விதையில் வருகிற களையைப் பூ விடும் முன் பிடுங்கினால் கதை முடிந்தது. கிழங்கில் வருவதை வெறுமனே இழுத்தால் பெருகும். தண்டுக் கணுவில் வருவதைத் துண்டு துண்டாக வெட்டினால், வெட்டிய துண்டெல்லாம் செடியாகும். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எங்களுடையது காங்கேயம் பக்கம், மூன்று சென்ட் இடம், உப்புக் கலந்த போர்த்தண்ணீர், வருடத்தில் பாதி நாள் காற்று. கொங்கு நாட்டில் பெரும்பாலான பொடக்காலிகள் இப்படித்தான் இருக்கும் என்பதால், இங்கே சொல்வது பல்லடத்துக்கும் பெருந்துறைக்கும் தாராபுரத்துக்கும் பொருந்தும்.

கோரை

முதலில் அடையாளம். புல் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பூத்தண்டின் அடியைப் பிடித்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். புல் தண்டு வழுவழுவென்று உருளும், கோரைத் தண்டு மூன்று பட்டையாக விரலில் தட்டும். அதுதான் கோரை.

அடுத்து, ஒரே ஒரு செடியை முழுசாகத் தோண்டிப் பார்த்துவிடுங்கள், மற்றதை நான் சொல்லவே வேண்டாம். செடியிலிருந்து அரை அடி தள்ளிச் சின்னக் கடப்பாரையை இறக்கி, மண்ணை அப்படியே பெயர்த்து, கையால் மெல்ல உதிர்க்க வேண்டும். செடிக்கு நேர் கீழே வெங்காயத்தாள் அடிபோல ஒரு சின்னப் புடைப்பு. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் மெல்லிய கம்பி மாதிரி ஒன்று பக்கவாட்டில் ஓடும். அந்தக் கம்பியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கறுத்த கிழங்கு, அதிலிருந்து மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு. கோத்த மணி போல இருக்கும். ஒரு கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி வாசம் வரும். குளியல் பொடிக்குப் போடுகிற கோரைக்கிழங்கு இதுதான்.

கையால் இழுத்தால் அந்தக் கம்பி பட்டென்று அறுந்துவிடும். மேலே இருக்கிற செடி மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழேயே இருக்கும். சங்கிலி முழுசாக இருக்கும்வரை பின்னால் இருக்கிற கிழங்குகள் முளைக்காமல் அடங்கிக் கிடக்கும், அறுந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளை விடும். ஒன்று மூன்றான கணக்கு இதுதான்.

இதை அடக்க நான் செய்து பலன் கண்டவை மூன்று. முதலாவது சித்திரை வெயில். அந்த மாதம் பாத்தியில் ஒன்றும் வைக்காதீர்கள். ஒரு அடி ஆழத்துக்கு மம்பட்டியால் கொத்திப் பெரிய கட்டியாகவே புரட்டிப் போட்டு, தண்ணீர் காட்டாமல் விட்டுவிட வேண்டும். பெரும்பாலான கிழங்கு அந்த ஒரு அடிக்குள்தான் இருக்கும். நீர் வற்றிச் சுருங்கினால் கிழங்கு செத்துப்போகும், அதற்கு இரண்டு மூன்று வாரம் நல்ல காய்ச்சல் வேண்டும். நடுவில் ஒருமுறை கட்டியைத் திருப்பிப் போடுங்கள். கோடைமழை பெய்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், சலித்துக்கொள்ளாமல் மறுபடி கொத்த வேண்டும். புரட்டும்போது கண்ணில் படுகிற கிழங்கையெல்லாம் ஒரு சட்டியில் பொறுக்கிக்கொள்ளுங்கள். அதைக் குப்பைக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மொட்டை மாடியில் பரப்பி, கையில் நசுக்கினால் பொடியாகிறவரை காய வைத்து அடுப்பில் போட்டு எரித்துவிடலாம்.

இரண்டாவது, பயிர் நிற்கும்போது செய்வது. ஒவ்வொரு கிழங்குக்குள்ளும் கொஞ்சம் சேமிப்பு உண்டு. இலை விடும்போது அந்தச் சேமிப்பைச் செலவு செய்கிறது, இலை நன்றாக வளர்ந்ததும் திருப்பிச் சேர்க்கிறது, பிறகு புதுக் கிழங்கு போடுகிறது. அது திருப்பிச் சேர்ப்பதற்குள் நாம் வெட்டிவிட வேண்டும். மூன்று நாலு இலை தெரிந்ததும் களைக்கொத்தால் மண்ணுக்கு ஒரு விரல் கீழே கொடுத்துச் சீவிவிடுங்கள். பத்து அல்லது பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, விடாமல். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தால், அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். அந்த ஒரு மாதத்தில் அது புதிதாகப் பத்து கிழங்கு கட்டியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, நிழல். கோரை எதற்கும் அசையாது, ஆனால் நிழலில் நிற்காது. கோரை அதிகமாக இருந்த பாத்தியில் ஆடியில் அரசாணி, அதாவது பூசணி, விதைத்தேன். கொடி ஓடும்வரை, முதல் ஒரு மாதம் மட்டும், மேலே சொன்ன மாதிரிச் சீவிக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் அகலமான இலை தரையே தெரியாமல் மூடிவிட்டது. மார்கழியில் காய் அறுத்துக் கொடியை எடுத்தபோது கோரை மஞ்சள் பூத்து, நூல் மாதிரி இளைத்துக் கிடந்தது. அடுத்த பட்டத்துக்கு அதே இடத்தில் சக்கரவள்ளிக் கொடி நட்டேன். தட்டைப்பயிறையும் நெருக்கமாக விதைக்கலாம். சணப்பையோ தக்கைப்பூண்டோ அடர்த்தியாகத் தூவி, பூ எடுக்கிற நேரம், நாற்பது நாற்பத்தைந்து நாளில், மடக்கி மண்ணோடு சேர்த்தாலும் நிழலும் ஆச்சு, தழை உரமும் ஆச்சு.

கோரை இருக்கிற இடத்தில் சின்ன வெங்காயம் மட்டும் போடாதீர்கள். வெங்காயத்தாள் நேராக நிற்கும், தரைக்கு நிழலே விழாது, வேரும் மேலோட்டம் என்பதால் கொத்தவும் முடியாது. அதேபோல் பவர் வீடர் வைத்து உழுது தருகிறேன் என்று யாராவது வந்தால், ஈரமாக இருக்கிற கோரைப் பாத்தியில் இறக்க விடாதீர்கள். சங்கிலியை நறுக்கித் தோட்டம் முழுக்க விதைத்துவிட்டுப் போகும்.

மூன்று வருடத்தில் எனக்குக் கோரை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. குழாயடி ஓரம் ஒரு மூலையில் இன்னும் வருகிறது. பாத்திக்குள் வருவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, அதை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சீவிவிட முடிகிறது.

பார்த்தீனியம்

இது அயல்நாட்டிலிருந்து வந்தது. வெப்பமண்டல அமெரிக்கா இதன் சொந்த ஊர். 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்க் கொறங்காட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கொழுக்கட்டைப் புல் நிற்க வேண்டிய இடத்தில் இது நிற்கிறது, மாடு வாய் வைக்காது, தப்பித்தவறித் தின்றாலும் பால் கசக்கும். கிளுவை வேலி போட்டு, வெள்வேல் மரம் விட்டு, தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடு மேய்த்த மேய்ச்சல் நிலம் இப்படி ஆவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நன்றாக வளர்ந்த ஒரு செடி பதினைந்தாயிரம் விதைகூட உதிர்க்கும். விதை தூசி மாதிரி இருக்கும். காற்றில் வரும், மழைத்தண்ணீரில் மிதந்து வரும், டிராக்டர் சக்கரத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலிருந்து ஆவணிவரை நம் பக்கம் வீசுகிற வேகம் தெரியுமே, மேற்கே வேலிக்கு வெளியே ஒரு செடி முற்றி நின்றால் போதும்.

இதில் நல்ல சேதி, கோரை மாதிரிக் கிழங்கு கிடையாது. வேரோடு வந்துவிட்டால் முடிந்தது. நேரம்தான் முக்கியம். மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பாருங்கள். தரையோடு தரையாக, தட்டு வைத்த மாதிரி வட்டமாக இலை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இலை செண்டுமல்லி இலை போல வெட்டு வெட்டாக இருக்கும், அதனால் பூச்செடி முளைத்திருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. செண்டுமல்லி நாற்று முளைத்ததிலிருந்தே தண்டு விட்டு நேராக எழும், கசக்கினால் அந்தப் பூவின் வாசமே வரும். பார்த்தீனியம் முதலில் தரையில் படுத்து இலை விரித்துவிட்டுத்தான் எழும்பும், இலையைத் தடவினால் பூனைமயிர் மாதிரி மெல்லிய சுணை தட்டும். அந்தப் படுத்த நிலையில், மண் ஈரமாக இருக்கும்போது, அடியோடு பிடித்து இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்துவிடும். எழும்பித் தண்டு கட்டியதும் காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தோடு ஒடியும், ஒடிந்த இடத்திலிருந்து நாலு கிளை வெடித்துச் சீக்கிரமாகவே பூக்கும். அரிவாளால் மேலோடு அறுப்பவர்களுக்கும் இதே கதிதான்.

முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூ வந்துவிடும். ஐந்து மூலை வைத்த குட்டி வெள்ளைப் பூ. எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) வரப்பில் நடக்கும்போதே குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டே வருவார். "பூ வுட்டதுக்கப்பறம் புடுங்கி என்ன கண்ணு பண்றது, அது போட வேண்டியதப் போட்டுட்டுதான போவுது" என்பார். பூத்த செடியையும் விடக்கூடாதுதான், ஆனால் வேலை மாறும். தலைக்கு மேல் ஒரு பழைய சாக்கையோ பெரிய பிளாஸ்டிக் பையையோ கவிழ்த்து, உள்ளேயே வைத்து மெல்லப் பிடுங்கி, வாய் கட்டி, இரண்டடிக் குழியில் போட்டு மூடுங்கள். குலுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் தூக்கிப் போனால் நடந்த வழியெல்லாம் விதை. பூக்காத செடியை எதற்கும் பயப்படாமல் உரக்குழியில் போடலாம், நல்ல தழை அது.

வெறுங்கையால் தொடாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். எங்கள் சித்தப்பாவுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கண்ணிமையிலும் தடித்துக் கருத்து, நமைச்சலில் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தார். சோப்பு மாற்றினார், சட்டை மாற்றினார், கடைசியில் தோல் மருத்துவர்தான் வீட்டைச் சுற்றி என்ன செடி இருக்கிறது என்று கேட்டார். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் பக்கத்தில் நின்றாலே போதும், காற்றில் வருகிற மகரந்தமும் காய்ந்த தூளும் வேலையைக் காட்டிவிடும். மூச்சு இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலையையே வேறு ஆளிடம் விட வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கைச் சேர்த்துக் கட்டிய துண்டு, இது மூன்றும் குறைந்தபட்சம். கையுறை இல்லையென்றால் கடையில் கொடுக்கிற நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியோடு கட்டிலில் உட்காராமல் நேராகக் குளிக்கப் போய்விடுங்கள்.

காய்கறிக்கும் இது கெடுதல்தான். தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூவில் இதன் மகரந்தம் படிந்தால் காய் பிடிப்பது குறையும். 2008இல் கோவையில் முதன்முதலாகத் தலைகாட்டிப் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடிய மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பூச்சி தங்கிப் பெருகிய செடிகளில் பார்த்தீனியமும் ஒன்று.

மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைச் சல்லடையாக அரித்துக்கொண்டு, வெளிர் மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு ஒன்றைப் பார்த்தால் அதை நசுக்காதீர்கள். மெக்சிகோவிலிருந்து இதற்கென்றே கொண்டு வந்து 1984இல் பெங்களூரில் விட்ட வண்டு, நம் பக்கமும் பரவியிருக்கிறது. கோடையில் மண்ணுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, ஆனாலும் அது செய்கிற வேலை நமக்கு மிச்சம். வேலிக்கு வெளியே நீங்கள் பிடுங்கிச் சுத்தம் செய்த இடத்தைச் சும்மா விடாமல் ஆவாரை, தகரை விதையை முதல் மழைக்கு அடர்த்தியாகத் தூவிவிடுங்கள், வெற்று மண் கிடைக்காவிட்டால் பார்த்தீனியம் தடுமாறும்.

அருகு, கானாவாழை, சாரணை

அருகம்புல்லுக்கும் சித்திரைக் கொத்துதான். கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் வெட்டிய துண்டை ஈரத்தில் போடாமல் கொடி கொடியாக உருவி எடுத்துக் காய வைக்க வேண்டும். வெளியிலிருந்து பாத்திக்குள் ஏறாமலிருக்க, ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கல்லோ பழைய ஓடோ செங்குத்தாகப் புதைத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கானாவாழையில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மேலே நீலப்பூ பூப்பது போக, மண்ணுக்குள்ளும் பூத்து விதை கட்டும். ஆகவே தண்டை மட்டும் கிள்ளினால் போதாது, அடியில் விரல் விட்டுத் தோண்டி வெள்ளையாக இருப்பதையும் சேர்த்து எடுங்கள். எடுத்ததை நடைபாதையில் போட்டால் அங்கேயே வேர் பிடிக்கும். மாடோ முயலோ இருந்தால் போட்டுவிடலாம்.

சாரணை மழைக்கு முளைத்து இருபது நாளில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்துவிடும். விதை மட்டும்தான், அதனால் சீக்கிரம் சீவினால் போதும்.

விதைப்பதற்கு முன்னால் ஒரு வேலை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். பட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியைத் தயார் செய்துவிடுங்கள். தொழு உரம் போட்டு, மட்டம் செய்து, விதைக்கப் போவது போலவே தண்ணீர் விடுங்கள், ஆனால் விதைக்காதீர்கள். எட்டு பத்து நாளில் மேல்மண்ணில் இருக்கிற களை விதையெல்லாம் முளைத்துப் பாத்தி பச்சையாகிவிடும். அப்போது களைக்கொத்தால் அரை அங்குலம், அதற்கு மேல் போகாமல், மேலோட்டமாகச் சீவுங்கள். மண்ணைக் கிளறிப் பார்த்தால் வெள்ளை நூல் நூலாக வேர் தெரியும், அந்த நூல் பருவத்தில் களைக்கு உயிர் அவ்வளவுதான், காலை பத்து மணி வெயிலில் சீவினால் சாயங்காலத்துக்குள் சருகு. ஆழமாகக் கொத்தினால் கீழே தூங்குகிற விதையை மேலே கொண்டு வந்து வைத்தது போல ஆகும். சீவிய மறுநாள் விதையுங்கள். முடிந்தால் இதை இரண்டு தடவை செய்யலாம். கீரைப் பாத்திக்கும் வெங்காயப் பாத்திக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சித்திரை, வைகாசியில் இடம் காலியாக இருந்தால் வெயிலையே வைத்து வேக வைக்கலாம். மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய நெகிழித் தாளை இழுத்து விரித்து, நாலு ஓரத்திலும் மண் போட்டு மூடி, ஐந்தாறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு ஆகாது, வெயில் உள்ளே இறங்க வேண்டும். சாரணை, குப்பைக்கீரை, பார்த்தீனியம் போன்றவற்றின் விதை மேல்மண்ணில் வெந்துபோகும். கோரைக்கிழங்குக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், ஆழத்தில் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

விதைத்த பிறகு முதல் நாற்பது நாள்தான் உயிர்நாடி. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எதுவானாலும் அந்த நாற்பது நாள் களை இல்லாமல் காப்பாற்றிவிட்டால், அப்புறம் செடியே நிழல் கட்டிச் சமாளித்துக்கொள்ளும். பதினைந்தாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று என்று இரண்டு களையெடுப்பு, நடுவில் தினம் தண்ணீர் விடும்போது கண்ணில் பட்டதை எடுப்பது. சொட்டுநீர் போட்டிருந்தால் ஈரம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் களை வரும், பாதி வேலை அதிலேயே போய்விடும்.

மூடாக்கு

இரண்டாம் களை எடுத்தவுடன் தழை, ஓலையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டுவிடுங்கள். தரைக்கு வெளிச்சம் போகக்கூடாது, அதற்கு நாலு விரல் கனம் வேண்டும். மெலிசாகத் தூவிவிட்டுப் பலனில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். செடியின் அடித்தண்டிலிருந்து மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிட வேண்டும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஈரோடு, கொடுமுடி வட்டாரத்தில் தை மாசியில் மஞ்சள் வெட்டும்போது தழை கிடைக்கும். கோபி, சத்தி பக்கம் கரும்புச் சோகை. எங்களுக்குத் தென்னை ஓலையும் மட்டையும். ஓலையை ஒரு முழமாக நறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவேன், காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே மட்டை. தென்னை நார்க்கழிவு வாங்குகிறவர்கள் பச்சையாகப் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும், ஒரு மழைக்காலம் வெளியில் நனைந்து கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வைக்கோலில் நெல்லும் புல் விதையும் இருக்கும், போடும் முன் ஒருமுறை நனைத்து முளைக்க விட்டுக் காய வைத்தால் நல்லது. உக்கடம், சிங்காநல்லூர் போலச் சாக்கடைத் தண்ணீர் சேருகிற குளங்களில் அள்ளிய ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம், தண்ணீரில் இருக்கிற ஈயம் முதலானதையெல்லாம் அது இழுத்து வைத்திருக்கும், காய்கறிக்கு அடியில் போடுகிற பொருளா அது?

காய்ந்த ஓலைக்குக் கரையான் வரும். வந்தால் ஓலையை விலக்கி ஈரம் காட்டுங்கள், ஈரமான மக்குகிற தழையை விட்டுவிட்டு அது செடியின் வேருக்கு அவ்வளவாகப் போகாது. மூடாக்கைக் கையால் தூக்காமல் குச்சியால் கிளப்புங்கள், அடியில் தேளும் பூரானும் தங்கும்.

மருந்து, உப்பு, வினிகர்

காய்கறித் தோட்டத்துக்குள் களைக்கொல்லி வேண்டாம் என்பது என் முடிவு. கிளைபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்கென்று உரிமம் பெற்ற ஆட்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. டூ-ஃபோர்-டி (2,4-D) என்கிற களைக்கொல்லி இன்னும் மோசம். இரண்டு வருடம் முன்பு பக்கத்துச் சோளக்காட்டில் காற்று நேரத்தில் அதை அடித்தார்கள். ஐந்தாவது நாள் எங்கள் தக்காளிக் கொழுந்தெல்லாம் விசிறி மடித்த மாதிரி நரம்பு ஒன்றோடொன்று ஒட்டி, நூலாக முறுக்கிக்கொண்டது. முப்பது செடி போயிற்று. அடிக்கிற தெளிப்பானும் அப்படித்தான், ஒருமுறை களைக்கொல்லி போட்டதைக் கழுவிவிட்டுக் கத்தரிக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்று எடுக்காதீர்கள், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைசல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல், இதைப் பார்த்தீனியத்தின் மேல் அடித்தால் கருகும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் இதைத்தான். ஆனால் அது பயிர் இல்லாத இடத்துக்கு, ரோட்டு ஓரத்துக்கு. நம் போர்த்தண்ணீரே மண்ணை வெள்ளை பூக்க வைத்துக்கொண்டிருக்கிறது, அதில் பாத்திக்குள் வேறு உப்பைக் கொட்டினால் களையோடு மண்ணும் போய்விடும். வினிகர் இலையை மட்டும் கருக்கும், கோரைக்கிழங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எதை விடலாம்

கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் பிடுங்கிவிடாதீர்கள். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சுக்குட்டி (மணத்தக்காளி), பருப்புக்கீரை, குப்பைக்கீரை இதெல்லாம் மழைக்குத் தானாக வருகிற சாப்பாடு. களைவெட்டுக்கு வருகிற பெண்கள் மதியம் வீட்டுக்குப் போகும்போது முந்தானையில் கட்டிக்கொண்டு போவது இதைத்தான். எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர், "ஏனுங்க, அந்தத் தொய்யலைக் கொத்தாதீங்க, நான் கடைஞ்சுக்கறேன்" என்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் களை எடுப்பார். இளசாக இருக்கும்போது பறித்துத் தின்று தீர்த்துவிட்டால் அதுவும் களையெடுத்த கணக்குதான். விதை கட்ட மட்டும் விடாதீர்கள், இரண்டொன்றைத் தவிர. மருந்து அடித்த காட்டோரத்தில் பறிக்க வேண்டாம்.

வாசலிலேயே தடுப்பது

மண் வாங்குவதாக இருந்தால், கொட்டுவதற்கு முன்னால் ஒரு பக்கெட் மண்ணைக் கொண்டு வந்து நனைத்து, வெயில் படுகிற இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். கோரை இருந்தால் முளைத்துக் காட்டிவிடும். நர்சரியிலிருந்து வருகிற பைச்செடியிலும் கோரை வரும். வாங்கும்போதே பையின் ஓரத்தைப் பாருங்கள், ஒரு ஊசி தெரிந்தாலும் அந்தச் செடியை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், மாங்கன்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சாணம் பச்சையாகப் போட்டால் மாடு தின்ற விதையெல்லாம் பாத்தியில் முளைக்கும். ஆட்டுப்புழுக்கையில் வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) விதை அப்படியே வெளியில் வரும், பட்டி போட்ட காட்டில் அடுத்த மழைக்குப் பார்த்தால் தெரியும். குப்பையை ஆளுயரக் குவியலாக, ஈரம் குறையாமல், இரண்டு மூன்று தடவை புரட்டிப் போட்டு மக்க வையுங்கள். நடுவில் கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு இருக்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் விதை சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரவேண்டும் என்பதற்குத்தான் புரட்டுவது.

வேலியை ஒட்டி உள்பக்கம் மூன்றடியைப் பாத்தி போடாமல் விட்டு, மாதம் ஒருமுறை சுத்தமாகச் சீவி வையுங்கள். வெளியிலிருந்து வருவது முதலில் அங்கேதான் இறங்கும். ஆனி பிறப்பதற்குள், காற்று எடுக்கும் முன், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மேற்கு வேலியின் அந்தப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிடுங்கிவிட்டால் அந்த வருடத்துப் பார்த்தீனியத்தில் பெரும்பங்கு குறையும். நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் போன வருடம் அதைச் செய்தோம். இந்த வருடம் வைகாசிக் கடைசியில் கோடைமழை பெய்த எட்டாம் நாள் போய்ப் பார்த்ததில், போன வருடம் இரண்டு மணி நேரம் பிடித்த அதே இடம் இருபது நிமிடத்தில் முடிந்தது.